புருவத்துத் தழும்பு

அருள்பாண்டிக்குத் தோள்பட்டை இரண்டும் இற்று விழுவதுபோல் வலித்தன. விடியுமுன்னே பரவை மார்க்கெட்டில் நாற்பது மூட்டை வெங்காயம் இறக்கிவிட்டு, அதே தோளில் கிதாரை மாட்டிக்கொண்டு மேடையேறியிருந்தான். அந்த வலி பழகியதுதான். முதல் வரிசையில் தாமரைச்செல்வி உட்கார்ந்திருந்தாளே, அதுதான் பழகாதது.

காளவாசல் மண்டபத்தில் காதுகுத்து. தாய்மாமன் விருமாண்டி, அக்கா பிள்ளைக்குச் சீர்த்தட்டோடு அருள்பாண்டியின் பாட்டுக் குழுவையும் கூட்டி வந்திருந்தான். கிதாரும் உருமியும் சேர்த்து இவர்கள் போட்ட காதல் பாட்டு மூன்று மாதமாக எல்லார் செல்போனிலும் ஓடியது. அது விருமாண்டியின் கடைசித் தங்கச்சி தாமரைச்செல்வியைப் பாடியது என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும்: அவளுக்கு, அருள்பாண்டிக்கு, உருமி அடிக்கும் ராம்கிக்கு. வேறு பையனோடு பேசினாள் என்று சித்தப்பா மகள் கையை விருமாண்டி முறித்தது ஊருக்கே தெரியும்.

"மாப்ள, அந்தப் பாட்டப் போடு. அதுக்குத்தான கூட்டியாந்தேன்" என்றான் விருமாண்டி.

"தொண்ட கட்டியிருக்குண்ணே. வேற பாடுறேன்."

"மூட்ட தூக்குறவனுக்குத் தோளுல்ல கட்டணும்? தொண்ட ஏன்டா கட்டுது?"

கூட்டம் சிரித்தது. ராம்கி குனிந்து, "அந்த வரிய மட்டும் மாத்திரு" என்றான்.

'எடப்புருவம் நடுவுல ஒடஞ்ச வரப்பு' என்பது அந்த வரி. சின்ன வயதில் விருமாண்டி எறிந்த கல் பட்டுத் தாமரைச்செல்விக்கு விழுந்த தழும்பு அது.

அருள்பாண்டி 'கன்னத்துல' என்று மாற்றித்தான் பாடினான். கூட்டம் விடவில்லை. முந்நூறு பேரும் பழைய வரியையே கத்திப் பாடினார்கள். ரீல்ஸில் ஆடுவதுபோல் ஆளாளுக்கு ஒரு விரலால் இடது புருவத்தில் கோடு இழுத்தார்கள். விருமாண்டியும் ஆடிக்கொண்டே இழுத்தான்.

தாமரைச்செல்வி மட்டும் இழுக்கவில்லை. உள்ளங்கையால் புருவத்தை மூடிக்கொண்டாள்.

விருமாண்டி அதைப் பார்த்தான். அவன் விரல் புருவத்திலேயே நின்றது. பிறகு, அவசரமே இல்லாமல் நடந்துபோய் அவள் கையை முகத்திலிருந்து எடுத்தான். எடுத்த கையை விடவில்லை.

"வா, வீட்டுக்குப் போவோம்."

அவள் மேடையை ஒருமுறை பார்த்தாள். வாசல்வரை பார்த்துக்கொண்டே போனாள்.

அருள்பாண்டியின் விரல்கள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே இருந்தன. ஒரு வார்த்தை கேட்காமல் அவள் தழும்பை எடுத்து ஊருக்குப் பாடக் கொடுத்தவன் அவன். இறங்கிப்போய், எழுதினது நான்தான், அவள விடு என்று விருமாண்டியிடம் சொல்ல வேண்டியது அவளுக்கு அவன் பட்ட கடன். அதை அவன் இன்னும் கொடுக்கவில்லை.