ஓரிகானோ எண்ணெயில் ஒரு சின்ன முகடு

எவாந்தியா லாரிஸா நகரத்துப் பரிசோதனைக் கூடத்துக்குள் நுழைந்த வேகத்தில் கதவு இரண்டு முறை ஆடி நின்றது. ஒலிம்பஸ் மலையடிவாரத்துப் பெண்கள் பதினொரு பேர் காட்டு ஓரிகானோ மூலிகையை அறுத்து, ஆவியில் வடித்து எடுத்த எண்ணெய். அதற்குக் கூடம் அனுப்பிய காகிதத்தில் ‘கலப்படம்’ என்று போட்டிருந்தது. அந்தப் பெண்கள் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. அந்த மலையையே தன் வீட்டுக் கொல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பவள், இப்படி ஒரு சொல்லை எப்படிப் பொறுப்பாள்?

“இதுல ஓரிகானோவத் தவிர வேற எதாச்சும் இருந்துச்சுன்னா என் பேர மாத்தி வெச்சுக்கிறேன்” என்றாள்.

வேதியியலாளர் பொலிக்ஸேனி வயதில் சின்னவள், ஆனால் அசராதவள். கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள். இயந்திரம் எண்ணெயைப் பிரித்து, உள்ளே இருந்த ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முகடு வரைந்திருந்தது.

“இந்தப் பெருசு கார்வக்ரோல்மா. நாக்குல வெச்சா சுள்ளுனு எரியுமே, அது இதாலதான். நூத்துக்கு எண்பத்தொண்ணு! இவ்ளோ வீரியமான எண்ணெய நான் பாத்ததே இல்ல. ஆனா அதோட காலடில சின்னதா ஒண்ணு நிக்குது பாருங்க. அனெத்தோல். ஓரிகானோவுல அதுக்கு என்ன வேலை?”

“மிஷினு தப்பாச் சொல்லாதோ?”

பொலிக்ஸேனி வெறும் அனெத்தோல் மட்டும் இருந்த ஒரு குப்பியைத் திறந்து நீட்டினாள். எவாந்தியா மோந்து பார்த்தாள். சோம்பு. அந்த வாசனையோடு அவள் முப்பது வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறாள்.

“புது எண்ணெய் கொண்டாந்தா மறுபடி பாப்பியா?”

“பத்து நாளுக்குள்ள கொண்டாங்க. அதுக்கு மேல வாங்குறவங்க காத்திருக்க மாட்டாங்க.”

ஊருக்கு வந்ததும் நேரே காப்பிக்கடைக்குப் போனாள். அவள் கணவன் ஸ்டெர்யோஸ் அங்கே பகடை உருட்டிக்கொண்டிருந்தான்.

“போன குளிர்காலத்துல எங்க வீட்டுக்காரர் வடிச்ச திராட்சைச் சாராயம் எப்பிடிய்யா இருந்துச்சு?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

“அடேயப்பா!” என்றார் பக்கத்து மேசைக்காரர். “சோம்பு எல்லாரும் போடுறதுதான். ஆனா இவன் சரக்குல ஓரிகானோ வாசம்ல அடிச்சுது! என்னடா பண்ணினேன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறான்.”

ஸ்டெர்யோஸின் கை பகடையோடு அந்தரத்தில் நின்றது.

“நான் சொல்றேன்” என்றாள் எவாந்தியா. “பொண்ணு பிரசவத்துக்கு நான் தெசலோனிக்கி போயிருந்தப்ப, எங்க சங்கத்து வடிகலத்துல சாராயம் காய்ச்சியிருக்காரு இந்தப் பெரிய மனுஷன்!”

“என்னோட கொப்பரை ஒழுகிருச்சு எவாந்தியா. மூணு தடவ கழுவித்தான் வெச்சேன், சத்தியமா!”

“வாசம் ஊறிக்கிற அந்த மூடியோட ரப்பர் வளையத்தக் கழுவினியா?”

“வளையமா?” என்றான் அவன். காப்பிக்கடையே விழுந்து விழுந்து சிரித்தது. எவாந்தியா சிரிக்கவில்லை. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அவன் மெல்ல ஆரம்பித்தான். “போன வருஷத்து எண்ணெய் மிச்சம் இருக்குல்ல? அத இதோட கலந்துட்டா அந்த முகடு அமுங்கிப் போயிரும். யாருக்குத் தெரியப்போகுது?”

“கலப்படம்னு அவங்க எழுதினது இன்னிவரைக்கும் பொய்யி. நீ அத நெசமாக்கப் பாக்குறியா?”

சோம்பு ஏறிய எண்ணெயை, ஆலிவ் எண்ணெயில் விட்டு முட்டிவலிக்குத் தடவிக்கொள்ளச் சொல்லி, வீடு வீடாகப் பிரித்துக் கொடுத்துவிட்டாள். வடிகலத்துக்குப் புது வளையம் போட்டாள். வெறும் தண்ணீரைக் காய்ச்சி ஆவியை ஓடவிட்டு, வடிந்ததைக் கீழே கொட்டினாள். பூவோடு அறுத்தால்தான் எண்ணெய் நன்றாக வரும்; அடிவாரத்தில் ஓரிகானோ பூத்து முடிந்திருந்தது. உச்சிப் பாறைகளில்தான் இன்னும் பூத்திருந்தது. ஆடுகளே தயங்கும் ஏற்றம். பதினொரு பெண்களும் அரிவாளோடு ஏறினார்கள். கட்டுகளைச் சுமந்து இறக்கியது ஸ்டெர்யோஸ். யாரும் அவனைச் சுமக்கச் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் குப்பியை வாங்கிய பொலிக்ஸேனி சீட்டு எழுதப் பேனாவை எடுத்தாள்.

“பேரு மாறியிருக்குமே! என்னன்னு எழுத?”

“ஸ்டெர்யோஸ் பொண்டாட்டின்னு எழுதிக்கோ. முடிவு வந்ததும் என் பேரத் திருப்பிக் குடு.”

மறுநாள் தொலைபேசி அடித்தது. “எவாந்தியா அம்மாதானே?” என்றது பொலிக்ஸேனியின் குரல். கார்வக்ரோல் எண்பத்தாறு. அனெத்தோல், கண்டறியப்படவில்லை. எவாந்தியாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்தப் பாறைகளைத் தானே பெற்று வளர்த்ததைப் போல அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

சங்கத்துக் கடைச் சுவரில் இரண்டு காகிதங்களையும் கண்ணாடி போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினாள்.

“அந்த மொதக் காகிதத்த எடுத்துரு, ஊரு சிரிக்கும்” என்றான் ஸ்டெர்யோஸ்.

“சிரிக்கட்டும். ஒனக்கும் அந்த வடிகலத்துக்கும் மட்டும் தெரிஞ்ச சங்கதிய எட்டு மாசம் கழிச்சு மோந்து புடிச்ச மிஷினுய்யா அது! அதே மிஷினுதான் இதுல ஒண்ணுமில்லன்னு சொல்லுது. மொதக் காகிதம் இல்லன்னா ரெண்டாவத எவன் நம்புவான்?”

அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சாய்ந்திருந்த முதல் காகிதத்தை விரலால் நேராக்கினான்.

“அப்ப அது கீழ என் பேரையும் போட்டுரு” என்றான்.