சுரங்க மேட்டின் வெள்ளை

எண்ணெய் வண்ணத்தில் முதல் விதி ஒன்றுதான். கீழ்ப் பூச்சில் எண்ணெய் கம்மி, டர்பன்டைன் அதிகம். மேலே போகப் போக எண்ணெயைக் கூட்ட வேண்டும். மாற்றிச் செய்தால் மேல் பூச்சு முந்திக் காய்ந்து வெடிக்கும். இதுகூடத் தெரியாதவர்கள்தான் இப்போது பெங்களூரில் கண்காட்சி வைக்கிறார்கள். எல்லாம் அக்ரிலிக். காபி ஆறுவதற்குள் காய்ந்துவிடும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

நான் பெர்னார்ட். ஜோகுபாளையத்தில் சொந்த வீடு. விளம்பரக் கம்பெனியில் சோப்பையும் பிஸ்கட்டையும் வரைந்து ஓய்ந்த பிறகுதான் நிலக்காட்சிக்கு வந்தேன். சமீபத்தில் வரைந்ததெல்லாம் கோலார் தங்க வயலின் மண் மேடுகள். தங்கத்தை எடுத்துக்கொண்டு கொட்டிய கழிவு மண், அங்கே குன்று குன்றாக நிற்கிறது. வெயிலில் அதற்கு ஒரு நிறம் உண்டு. சாம்பலும் இல்லை, மஞ்சளும் இல்லை. எந்த ட்யூபிலும் அது கிடைக்காது.

அதனால் மண்ணையே கொண்டுவந்தேன். என் மனைவி எலிசபெத் பிறந்த ஊர் அதுதான். போகும்போதெல்லாம் ஒரு பை நிறைய அள்ளி வருவேன். அதைச் சலித்து, ஆளிவிதை எண்ணெய் விட்டுக் கண்ணாடிப் பலகையில் அரைத்தால் நிறம் தயார். சலிப்பது எலிசபெத் வேலை. எனக்குத் தும்மல் வரும். முகப் பவுடர் மாதிரி விழ வேண்டும் என்பேன், திரும்பத் திரும்பச் சலிப்பாள். ஜன்னலைத் திறக்கக் கூடாது, ஃபேனும் போடக் கூடாது. எண்ணெய்ப் படம் காய வாரக்கணக்கில் ஆகும். ரோட்டுப் புழுதி வந்து ஒட்டினால் வானம் நாசம்.

"எங்கப்பா இந்தத் தூசியிலதாங்க செத்தாரு," என்றாள் ஒரு நாள். "காத்தடிச்சா எங்கம்மா சோத்துப் பானைய ஈரத் துணி போட்டு மூடுவாங்க. நான் இன்னான்னா அதையே உக்காந்து சலிச்சிக்கினு கெடக்கறேன். ஜன்னலையாவது தொறங்களேன்."

அவள் அப்பா சுரங்கத்துக்குள் பாறை உடைத்தவர். அது வேறு தூசி, இது வேறு என்றேன். மூக்கில் துணி கட்டிக்கொள்ளவும் சொன்னேன். எனக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

என் கண்காட்சிக்கு ஒரு பெரிய படம் பாக்கி இருந்தது. மேடு முடிந்துவிட்டது. அதன் உச்சியில் மதிய வெயில் விழும் வெள்ளை மட்டும் வரவில்லை. டைட்டானியம் வெள்ளை, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி நின்றது. சிங்க் வெள்ளை செத்துக் கிடந்தது. பூசினேன், சுரண்டினேன், மறுபடி பூசினேன். அந்த எரிச்சலில் இருந்தபோதுதான் எலிசபெத் இருமி இருமி மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அல்சூரில் டாக்டர் அதிதியிடம் கூட்டிப் போனேன். சின்னப் பெண். லேபில் எடுத்து வந்த எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டினாள்.

"ரெண்டு பக்கமும் மேல வெள்ளையா தெரியுதா அங்கிள்? தூசியால வர்றது. பழசு கொஞ்சம் இருக்கு, புதுசும் இருக்கும்னு நினைக்கறேன். அடுத்த மாசம் இன்னொண்ணு எடுத்து இதோட பக்கத்துல வெச்சுப் பாக்கணும். எவ்வளவு வேகமா பரவுதுன்னு தெரிஞ்சாதான் ட்ரீட்மென்ட் முடிவு பண்ண முடியும். லேப்ல காப்பி இருக்காது, இந்த ஃபிலிமைப் பத்திரமா வெச்சுக்குங்க. தூசிப் பக்கமே ஆன்ட்டி போகக் கூடாது."

எலிசபெத் என் முகத்தைப் பார்த்தாள். நான் ஃபிலிமைப் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கறுப்புக்குள்ளிருந்து மெதுவாக எழுந்து வரும் வெள்ளை, ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. இத்தனை நாளும் வெள்ளையைத் தடிப்பாக மேலே கொண்டுபோய் அப்பியது என் முட்டாள்தனம். கறுப்பைப் பூசிக் காயவிட்டு, அதன் மேல் மெலிசு மெலிசாக வெள்ளையை எழுப்ப வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் ஃபிலிமை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினேன். நிறம் பொருந்துகிறதா என்று பார்க்க, கலந்த வண்ணத்தை மாதிரியின் மேலேயே ஒரு பொட்டு வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். பொட்டு கண்ணுக்குத் தெரியாமல் போனால் நிறம் சரி. வைத்தேன், டர்பன்டைன் துணியால் துடைத்தேன், மறுபடி வைத்தேன்.

எலிசபெத் கதவருகே நின்றாள். "அது என் நெஞ்சுங்க," என்றாள்.

"தெரியும். வெளிச்சத்த மறைக்காத, நகரு."

நடுவில் ஒரு கிண்ணம் மண் தேவைப்பட்டது. கடைசித் தடவை என்றேன். சலித்துக் கொடுத்தாள்.

அடுத்த மாதம் டாக்டர் ஃபிலிமை உறையிலிருந்து எடுத்தாள். அங்கங்கே வண்ணப் பொட்டுகள், துடைத்த இடமெல்லாம் மங்கல்.

"என்ன அங்கிள் இது?"

"கலர் பாத்தேன்."

அவள் அதைத் திரும்ப உறைக்குள் போட்டாள். "இதை வெச்சு ஒண்ணும் கம்பேர் பண்ண முடியாது. இன்னிக்கு எடுக்கறதுல இருந்துதான் ஆரம்பிக்கணும். ஆன்ட்டிக்கு இந்த ஒரு மாசம் ரொம்ப முக்கியம். அது போச்சு."

எலிசபெத் அழவில்லை. "எடுங்கம்மா," என்றாள். "ஆனா இந்த வாட்டி என் கையில குடுங்க. இவரு கையில குடுக்காதீங்க."

புது ஃபிலிம் வந்தது. விளக்குப் பெட்டியில் இருந்தபோது எட்டிப் பார்த்தேன். வெள்ளை கூடியிருந்தது. முன்னதைவிட அருமையான வெள்ளை. எலிசபெத் அதை உறையில் போட்டு, வாசலில் ஆட்டோ பிடித்து, நேராகச் சந்தாபுராவில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோபம் தணிந்தால் வருவாள் என்று விட்டுவிட்டேன்.

வரவில்லை. கண்காட்சி நெருங்கியது. உச்சியின் இடப் பக்கம் மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. நேற்று ஃபோன் செய்தேன். தங்கைதான் எடுத்தாள்.

"அக்கா ஆக்சிஜன் வெச்சிக்கினு இப்பதான் கண்ண மூடுச்சி மாமா. நைட்டெல்லாம் தூங்கல. எழுப்பி ஃபோன குடுக்கட்டுமா?"

"வேணாம், தூங்கட்டும்," என்றேன். "அந்த எக்ஸ்ரே கவர் எங்கயாவது அங்கதான் இருக்கும். ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சி ஒரு போட்டோ எடுத்து அனுப்பும்மா."