திங்கட்கிழமை நடை

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தபோது நான் மேசைக்கு அடியில் ஒயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பேசியவர் விளையாட்டு ஆசிரியை. மைதானத்தில் கத்திக் கத்தியே பழகிய தொண்டை அவருடையது. அன்றைக்கு என்னவோ யாரோ ஒட்டுக்கேட்பதுபோலக் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"மேடம், நீங்க உடனே வரணும். பசங்க நொண்டுறாங்க."

"யாரு நொண்டுறாங்க?"

"எல்லாரும்."

தூக்கி வாரிப் போட்டது. எழுந்த வேகத்தில் தலை மேசையில் இடித்தது.

அந்தப் பள்ளியின் கூடத்தில் கிடப்பது எங்கள் தரை. எங்கள் என்றால் நானும் என் வீட்டுக்காரரும், கணினி வேலை பார்க்கும் ஒரு பெண்ணும். மொத்தம் நாற்பத்தெட்டுப் பலகைகள். ஒவ்வொன்றின் அடியிலும் நாலு மூலைக்கு நாலு ரப்பர் பட்டைகள். கால் விழுந்ததும் எந்த நேரத்தில் விழுந்தது, குதிகால் முதலில் பட்டதா, விரல் எப்போது பட்டது என்பதையெல்லாம் அவை சொல்லிவிடும். ஆட்டம் எப்போதும் வலது காலில் தொடங்கும், அதனால் எது இடது என்பதும் கணக்கில் தெரியும். அதை வைத்துப் பாட்டு ஓடும். பாட்டு நான் போட்டது. ஆறு வாத்தியம். கால் சரியாக விழுந்தால் பாட்டு முழுசாக ஓடும். தப்பாக விழுந்தால் ஒரு வாத்தியம் கழன்றுகொள்ளும், முதலில் வயலின், அப்புறம் புல்லாங்குழல், அப்படியே வரிசையாக. மறுபடி சரியாக வைத்தால் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். பிள்ளைகள் அதற்குத் தாங்களே ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள்: பாட்டைக் காப்பாத்து. நான் ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு வைத்த பெயரை ஒருத்தரும் சீந்தவில்லை.

சரியான கால் எது என்று தரைக்கு யார் சொல்வது? நான்தான். பதினெட்டு வருஷம் மேடையில் ஆடியவள். தாளத்தில் என் காலை மிஞ்ச ஆளில்லை என்று மற்றவர்கள் சொல்வதற்குமுன் நானே சொல்லிவிடுவேன். ரப்பர் பட்டைகள் வெயிலுக்கு ஒரு மாதிரியும் மழைக்கு ஒரு மாதிரியும் நடந்துகொள்ளும். அதனால் பட்டறையில் அதே மாதிரி ஒரு குட்டித் தரை வைத்திருக்கிறோம். திங்கட்கிழமை காலையில் அதில் நான் முந்நூறு அடி நடப்பேன். அந்த நடையின் பதிவு பள்ளித் தரைக்குப் போகும். அந்த வாரம் முழுக்க அதுதான் சட்டம். "நடக்குறதுக்கு ஒரு மிஷின் பண்ணிடலாமே?" என்று வீட்டுக்காரர் ஒருதரம் கேட்டார். "மிஷின் நடந்தா மிஷின்தான் வந்து ஆடும், பிள்ளைங்க ஆடாது" என்று வாயடைத்துவிட்டேன். எவ்வளவு கோபம் வந்தாலும் எனக்கு அவரிடம் 'நீங்க' மாறாது. மரியாதையாகத் திட்டினால்தான் ரொம்ப உறைக்கிறது என்பார்.

வண்டியில் போகும்போதே யாரைத் திட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன். "தச்சர்தான். பலகைய ஒழுங்கா இழைக்கல. பிள்ளைங்க கால்ல சிலாம்பு ஏறியிருக்கும்."

"பாத்துட்டுப் பேசலாம்" என்றார் வீட்டுக்காரர். அவருக்கு எப்போதும் இதே பாட்டுத்தான்.

வாசலிலேயே ஆசிரியை நின்றிருந்தார். முகம் வெளிறிக் கிடந்தது. ரெண்டு பிள்ளைகளை டாக்டரிடம் கொண்டுபோய்ப் படம் எடுத்துப் பார்த்தார்களாம். எலும்பு, தசை, நரம்பு எதிலும் ஒன்றுமில்லை. ஒரு அப்பா பிள்ளைக்குப் புது ஷூ வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஒரு அம்மா குடிதண்ணீரைச் சோதிக்கச் சொல்லி லெட்டர் எழுதியிருக்கிறார். "நாளைக்கு பேரன்ட்ஸ் மீட்டிங் போடுறாங்க. தரையக் கழட்டி வெளிய போடணும்னு பேச்சு. அதுக்குள்ள உங்ககிட்ட சொல்லணும்னுதான்..." என்று நிறுத்திக்கொண்டார்.

அப்போதுதான் பிள்ளைகள் மைதானத்திலிருந்து வந்தார்கள். எங்கள் தரையில் ஆடும் எட்டுப் பேர், வரிசையாக. வெறும் சிமென்ட் வராந்தாவில், பாட்டும் இல்லாமல் தரையும் இல்லாமல் சும்மா நடந்து வந்தார்கள். எட்டுப் பேருக்கும் இடது கால் ஒரு துளி பின்தங்கியது. நுனி லேசாகத் தரையைத் தேய்த்து, அதன்பிறகுதான் பாதம் ஊன்றியது. ஒரு பிள்ளை அப்படி நடந்தால் கண்ணில் படாது. எட்டுப் பேரும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் வந்தார்கள்.

"தரை மேல ஏறச் சொல்லுங்க" என்றேன்.

ஏறினார்கள். பாட்டு ஆரம்பித்தது. ஓர் அடி, நூறு அடி, இருநூறு அடி. ஒரு வாத்தியம்கூடக் கழலவில்லை. இந்தத் தரை போட்ட நாளிலிருந்து அவ்வளவு சுத்தமாக என் பாட்டை நான் கேட்டதே இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது.

அந்த எட்டுப் பேரில் ஒருத்தி வாயாடி. பேரே அதுதான் என்று நினைக்குமளவுக்கு ஆசிரியை அப்படித்தான் கூப்பிடுவார். அவளிடம் கேட்டேன்.

"எப்படிம்மா இவ்வளவு கரெக்டா வைக்கிற?"

"ஈசி ஆன்ட்டி. இடது கால லேசா இழுத்து, கொஞ்சம் லேட்டா வைக்கணும். அப்பதான் வயலின் போகாது."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல. பாட்டுதான் சொல்லுது. முன்னாடி நேரா வெச்சாலே போதும். லீவு முடிஞ்சு வந்தப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மாறிச்சு. நான்தான் மொதல்ல கண்டுபிடிச்சேன்." பக்கத்திலிருந்த பையன் இல்லை, நான்தான் என்றான். ரெண்டு பேரும் சண்டையில் இறங்கினார்கள். வெளியிலும் அப்படியே நடந்து பழகினால்தான் ஆட்டத்தில் தப்பு வராதாம். அது அவர்கள் வகுப்பின் பயிற்சி.

என் கோபம் தச்சரை விட்டுவிட்டுப் பலகைக்குத் தாவியது. வீட்டுக்காரர் மண்டிபோட்டு ஒவ்வொரு பலகையாகத் தூக்கினார். எடைக்கல்லை வைத்துப் பார்த்தார். நாற்பத்தெட்டும் நல்லபடியாகவே இருந்தன. "தவிர, பலகை கெட்டிருந்தா ரெண்டு காலுக்கும்தானே தப்பாகும். எந்தப் பலகையிலயும் எந்தக் காலும்தானே விழுது?" என்றார். அதுவும் நியாயம்தான். அடுத்தபடி கணினிப் பெண்ணுக்குப் போன் போட்டேன். அவளுக்கு நாங்கள் வைத்த பேர் சின்னக்குரல். எது சொன்னாலும் நாலு தரம் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

"எதையோ மாத்தியிருக்கே நீ! என்கிட்ட கேக்காம எதைத் தொட்ட?" என்று எடுத்த எடுப்பில் எகிறினேன்.

"நான் எதையும் தொடல அக்கா."

"தொடாம எப்படி மாறும்? பேய் வந்து மாத்திச்சா?"

கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம், "அக்கா, ஸ்பீக்கர்ல போட்டிருந்தா எடுத்துடுங்க" என்றாள்.

எடுத்துக் காதில் வைத்தேன்.

"வாராவாரம் மாறுறது ஒண்ணே ஒண்ணுதான். உங்க திங்கட்கிழமை நடை. இருபத்தாறு வாரத்தையும் இப்பதான் வரிசையா வெச்சுப் பாத்தேன். உங்களுக்கு அனுப்பியிருக்கேன்." போன் என் காதோரம் டிங் என்றது. "இவ்வளவு நாள் பாக்காம விட்டது என் தப்பு அக்கா. உங்க நடையப் போய் யாரு சோதிப்பாங்க?"

போனில் ஒரு படம் வந்திருந்தது. வலது காலுக்கு ஒரு கோடு, இடது காலுக்கு ஒரு கோடு. முதல் திங்கட்கிழமை ரெண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எட்டாவது வாரம் நடுவே மயிரிழை. பதினைந்தாவது வாரம் நன்றாகவே தெரிந்தது. கடைசித் திங்கட்கிழமை, அதாவது முந்தாநாள், என் இடது கால் ஒரு நொடியில் நூறில் எட்டுப் பங்கு பின்னால் வந்திருந்தது. எட்டுப் பங்கு என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும். அதில் பாதி தப்பினால்கூட மாணவிகளை மேடையிலிருந்து இறக்கிவிட்டவள் நான்.

"இது கருவியோட கோளாறு" என்று வீட்டுக்காரரிடம் நீட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை. பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்ததிலிருந்து அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இந்த நடைய நான் பாத்திருக்கேன்" என்றார்.

"எங்க?"

"வீட்டுல. நீ மாடிப்படி ஏறும்போது."

குனிந்து என் காலைப் பார்த்தேன்.

"உன் இடது செருப்பு மட்டும் முன்னாடி தேயுது. ரெண்டு தடவை புதுசு வாங்கி வெச்சேன். நீ கவனிக்கல."

"ஏங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா கத்துவ." அவர் என் செருப்பைப் பார்த்தார். "அசதியா இருக்கும்னு நெனச்சேன். அசதியாத்தான் இருக்கணும்னு நெனச்சுக்கிட்டேன்."

எனக்குக் கத்த வேண்டும்போல்தான் இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை நடந்தேன். அவர் போனில் படம் பிடித்தார். திரும்பி வந்து பார்த்தேன். அந்த எட்டுப் பிள்ளைகளோடு ஒன்பதாவதாக என்னை நிறுத்தினால் யாரும் வித்தியாசம் சொல்ல முடியாது. அதே துளிப் பின்தங்கல், அதே தேய்ப்பு. கண்ணாடி முன்னால் இருபது வருஷம் நின்றவளுக்கு அது தெரியவில்லை, காதுக்கும் கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? நான் எப்படி வைத்தாலும் அதுதான் சரி என்று தரைக்கு நானே சொல்லி வைத்திருந்தேனே. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அவளுக்கும் ஒரு படி மேலே போய், கூடத்தை என் கோணலுக்கு வளைத்து, அதில் எட்டுப் பிள்ளைகளை ஆடவும் விட்டிருக்கிறேன்.

பயம் அப்புறம்தான் வந்தது. இந்தக் காலுக்கு என்ன ஆகிறது? எங்கே போய் நிற்கும்? காலோடு முடியுமா? அந்தக் கேள்விகளைத் தள்ளி வைக்க ஒரு வேலை இருந்தது, அது மட்டும்தான் ஆறுதல். பிள்ளைகளை முதலில் சரி செய்ய வேண்டும்.

சின்னக்குரலை மறுபடி கூப்பிட்டேன். இந்தத் தரம் கத்தவில்லை. "முதல் திங்கட்கிழமை நடைய எடுத்துப் போடும்மா. பட்டைங்களுக்கு வேணும்கிற திருத்தத்த மட்டும் நீயே கணக்குப் போட்டுச் சேத்துடு. இனிமே யாராவது சரி பாக்காம என் நடைய அனுப்பாத." அவள் சரி அக்கா என்றாள். அழுகிறாளோ என்று தோன்றியது. நானும் அழுதுகொண்டுதான் பேசினேன்.

ஆசிரியையிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் என் காலைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், வாயில் கையை வைத்துக்கொண்டார். "நாளைக்கு மீட்டிங்ல நானே வந்து சொல்றேன்" என்றேன். வீட்டுக்காரர் ஒரு மூலைக்குப் போய் மெதுவாக யாரிடமோ பேசிவிட்டு வந்தார். "சாயங்காலம் நாலு மணிக்கு டாக்டர்" என்றார். மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டினேன். எங்கள் கல்யாணம் ஆனதிலிருந்து அது முதல்தரம் என்று நினைக்கிறேன்.

புது நடை, அதாவது என் பழைய நடை, தரைக்கு வந்து சேர்ந்தது. பிள்ளைகள் ஏறினார்கள். பத்தாவது அடியில் வயலின் போனது. இருபதாவது அடியில் பாட்டே நின்றது. "என்ன மிஸ் இது, போங்காட்டம்!" என்று கூச்சல். வாயாடி மட்டும் பேசாமல் நின்று, காதைத் தீட்டிக்கொண்டு, காலை அப்படியும் இப்படியும் வைத்துப் பார்த்தாள். "டேய், பழையபடி ஆயிடுச்சுடா! நேரா வைங்க!" அவ்வளவுதான். இருபது நிமிஷத்தில் எட்டுப் பேரும் இழுப்பை உதறிப்போட்டார்கள். வராந்தாவுக்கு ஓடச் சொன்னேன், ஓடினார்கள். பதினாறு கால்களில் ஒன்றுகூடத் தேய்க்கவில்லை. ஆசிரியை என் தோளைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். எனக்கு உடம்பிலிருந்து பாதிப் பாரம் இறங்கியது.

"ஆன்ட்டி, நீங்களும் வாங்க" என்று வாயாடி கூப்பிட்டாள்.

வீட்டுக்காரர் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். வலது, இடது. வயலின் போனது. வலது, இடது. புல்லாங்குழல் போனது. ஆறு மாதத்துக்கு முந்தைய நான், என் இன்றைய நடையைத் தப்பு என்று ஒதுக்கிக்கொண்டிருந்தேன், கொஞ்சமும் தயவு தாட்சண்யம் இல்லாமல்.

வாயாடி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"ரூல் மாறிடுச்சு ஆன்ட்டி. இழுக்காதீங்க, நேரா வைங்க. இதோ, இப்படி." அவள் ஓர் அடி வைத்தாள். புல்லாங்குழல் திரும்பி வந்தது. "இப்ப நீங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு இடது காலைத் தூக்கினேன். பதினெட்டு வருஷத்தில் எந்த மேடையிலும் ஓர் அடிக்கு அவ்வளவு மெனக்கெட்டதில்லை. வைத்தேன். புல்லாங்குழல் போனது.

அவள் கலகலவென்று சிரித்தாள். "ஐயோ ஆன்ட்டி, வேணும்னே பண்றீங்க! சும்மா விளையாடாதீங்க, ஒழுங்கா வைங்க."

நான் விளையாடவில்லை என்று அந்தக் குழந்தையிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அடுத்த அடியை எடுத்து வைத்தேன்.