தர்மா எடுத்த கட்சி

ரிவர்சைட் தோட்டத்தை விற்றுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அதன் பெயரில் ஒரு கால்பந்துக் குழு மட்டும் மாவட்ட லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது. இந்தப் பருவத்தில் அதற்குக் கடைசி இடம். சனிக்கிழமை பத்து காஜா ஊரின் பாடாங் திடலில் நடந்த கடைசி ஆட்டத்திலும் தோற்று, கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிட்டது.

ஆட்டம் பார்த்துவிட்டு மூன்று பேரும் வழக்கம்போல ஈப்போ திரும்பி, தர்மாவின் அடுக்குமாடிக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தார்கள். தர்மா தொழிற்சாலைக் காவலர். மகேந்திரன் லோரி ஓட்டுகிறவர். யுகேந்திரன் இளையவன், போன் கடை வைத்திருந்தான்.

"எல்லாம் கோச்சு பண்ண வேலைலா," என்றான் யுகேந்திரன். "பவித்ரன் முட்டி வலிக்குதுன்னு சொல்லியும் அவனையே கோல்ல நிறுத்துனாரு."

"கோச்சு என்ன செய்வாரு? கமிட்டி வேற ஆளு குடுத்துச்சா?" என்றார் தர்மா.

மகேந்திரன் சிரித்தார். "போன வாரம் நான் கமிட்டின்னு சொன்னப்ப, கோச்சுதான்னு சண்டை போட்டியே, மச்சான்!"

தர்மா தேத்தண்ணியைக் குடித்தார். ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஷிப்டு வேலைக்காரர்கள், பயிற்சிக்கே நேரமில்லை என்பது அவருக்குத் தெரியும். அதைச் சொன்னால் இருவரும் ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொண்டால் எழுந்து போய்விடுவார்கள். மகளின் பிரசவத்துக்கு ஜொகூர் போன மனைவி கலாதேவி இன்னும் திரும்பவில்லை. பிறந்த குழந்தை இப்போது நடக்கவே தொடங்கிவிட்டது.

"சரிண்ணே, நீங்க சொல்றதுதான் சரி. கமிட்டிதான்," என்று யுகேந்திரன் சாவியை எடுத்தான். "நான் போறேன். வீட்டுல காத்துக்கிட்டு இருப்பாங்க."

"இரு, கமிட்டிய மட்டும் எப்படிச் சொல்ல முடியும்?"

"இப்பத்தானே நீங்களே சொன்னீங்க!"

அவன் போய்விட்டான். மகேந்திரனும் எழுந்தார்.

"கொஞ்சம் உக்காருலா," என்றார் தர்மா. "மேல போனா பேச ஆளில்ல."

சொன்ன பிறகுதான், அதைச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. மகேந்திரன் அவரை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்து, இன்னொரு தேத்தண்ணி சொன்னார். அது வந்தது. பந்தைத் தவிர என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை.

"மழை வரும்போல," என்றார் மகேந்திரன்.

"ம்."

"கலா எப்ப வருது?"

"தெரியல."

மகேந்திரன் தேத்தண்ணியைப் பாதியிலேயே வைத்துவிட்டு, அவர் தோளைத் தட்டிப் புறப்பட்டார். லீக் மறுபடி தொடங்கப் பல மாதங்கள் ஆகும்.

வீட்டுக்குப் போனதும் தர்மா கலாதேவியைப் போனில் கூப்பிட்டார். பின்னால் குழந்தை கத்திக்கொண்டிருந்தது.

"எப்ப வருவ?" இந்தக் கேள்வியை அவர் இதுவரை கேட்டதில்லை.

"ஏங்க, ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். லீக் முடிஞ்சிருச்சி."

"அதான் சனிக்கிழம வேலையில்லையே. நீங்க இங்க வாங்களேன். புள்ள தாத்தா மூஞ்சியையே மறந்துருச்சி."

"வாரேன்," என்றார். எந்தச் சனிக்கிழமை என்று அவள் கேட்பதற்குள் குழந்தை எங்கோ விழுந்து அழுதது. "அப்புறம் கூப்புடுறேன்," என்று வைத்துவிட்டாள். தர்மா மேசையருகே உட்கார்ந்து காத்திருந்தார்.