ஒன்றரை அடி ஆழத்துக்கு

மூக்கையாவுக்குக் குழி வெட்டத் தெரியும். ரப்பர்க் கன்று வைக்க இரண்டரை அடி என்று கணக்கப்பிள்ளை சொன்னால், அவர் மூன்றடி வெட்டிவிட்டுத்தான் மண்வெட்டியைத் துடைப்பார். தெஹியோவிட்ட டவுனுக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் இதை ஒரு வியாதி என்று யாரும் சொன்னதில்லை. துரையே ஒரு தரம் எட்டிப் பார்த்து "வெரி குட்" என்றிருந்தார். அந்த இரண்டு சொல்லை மூக்கையா பதினான்கு வருஷமாகச் சிக்கனமாகச் செலவழித்துக்கொண்டிருந்தார்.

தொண்ணூற்றெட்டில் மஹ்ரூப் நானா அவருக்கு ஒரு வயல் கொடுத்தார். நானாவுக்கு டவுனில் சில்லறைக் கடை. மலையடிவாரத்தில் படிபடியாக இறங்குகிற வயல்களில் மேல் படி அவருடையது. அந்தேக்குத்தான். விளைந்ததில் பாதி நானாவுக்கு, பாதி செய்கிறவனுக்கு.

"இந்தப் போகம் ஒழுங்கா வெளஞ்சா வயல் ஒங்கட கையிலயே இரிக்கட்டும் மூக்கையா. நான் வேற ஆள் தேட மாட்டன்."

தோட்டம் கொடுத்த லயத்து அறையைக்கூடத் தன்னுடையது என்று சொல்ல முடியாத மனிதருக்கு இது போதும். ரப்பர்ப் பால் வெட்டு மத்தியானத்தோடு முடியும். அதற்குப் பிறகு நான் விவசாயி என்று கண்ணாடி முன்னால் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். மனைவி மருதாயி உள்ளே வந்துவிட்டதால் மூன்றாம் தரம் சொல்லவில்லை.

நானா சொன்ன வேலை லேசானது. கீழ் வயல்காரர் குணே ஐயாவின் எருமைகளை விட்டு இரண்டு தரம் சேற்றை மிதிக்க வைப்பது, அவ்வளவுதான். மூக்கையாவுக்குச் சிரிப்பு வந்தது. தோட்டத்தில் இறுகின மண்ணை இரும்பு முள்ளால் குத்திப் புரட்டினால்தான் மரம் மூச்சு விடும். நெல் மட்டும் மூச்சு விடாதா?

நாற்றங்கால் போட்ட மூலையை விட்டுவிட்டு, நாலு பல் முள்ளோடு மருதாயியைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். ஒரு சாண் சேற்றுக்குக் கீழே முள் டக்கென்று நின்றது. சாம்பல் நிறத்தில், சிமெந்து பூசினது போல ஒரு தட்டு.

"என்னாங்க இது, யாரோ தரை போட்ட மாதிரி இருக்கு? நானா இத ஒடைக்கச் சொன்னாரா?"

"அவருக்குப் பருப்பு நிறுக்கத் தெரியும். மண்ணப் பத்தி நான் சொல்றேன், நீ குத்து."

"குணே ஐயாகிட்ட ஒரு வார்த்த கேளுங்களேன்."

"கேட்டா சிரிப்பாங்கடி, தோட்டத்து ஆளுக்கு வயல் தெரியாதுன்னு."

மூன்று வாரம் குத்தினார்கள். ஒன்றரை அடி ஆழத்துக்கு மண் கட்டிகட்டியாகப் புரண்டு கிடந்தது. லயத்து ஆட்கள் வந்து பார்த்து, மூக்கையா மூக்கையாதான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வாய்க்கால் முறை வந்ததும் தண்ணீரைத் திருப்பினார். மாலையில் வயல் நிறைந்து அதில் வானம் தெரிந்தது. காலையில் வானமும் இல்லை, தண்ணீரும் இல்லை. வரம்பெல்லாம் நண்டு வளை தேடினார், ஒன்றுகூட இல்லை. ஒரு படி கீழே குணே ஐயாவின் வயலில், அவர் கேட்காமலே, தண்ணீர் தளதளவென்று நின்றது.

"மூக்கையா, பொஹொம ஸ்துதி!" என்று வரம்பிலிருந்து கும்பிட்டார் அவர். ரொம்ப நன்றியாம்.

நானா வந்து குடையை ஊன்றினார். பாதிக் குடை உள்ளே போய்விட்டது.

"என்னத்தச் செஞ்சி வெச்சிரிக்கீங்க? பொதையல் தேடினீங்களா?"

மூக்கையா ஆழத்தைச் சொன்னார். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னார், பழக்கதோஷம்.

"யா அல்லாஹ்! அந்தத் தட்டு வாப்பாட வாப்பா காலத்துல இருந்து எருமை மிதிச்சி மிதிச்சி இறுகினது. அதுதான் தண்ணியத் தாங்குற சட்டிட அடி. நெல்லு தண்ணியில நிக்கோணும் மூக்கையா. நீங்க சட்டிட அடியத் தட்டிட்டீங்க."

அவர் கத்தியிருந்தால் லேசாக இருந்திருக்கும். கத்தவில்லை.

"இப்ப எருமைய விட்டு மிதிச்சா?"

"வயிறு மட்டுக்கும் பொதையும். குணே தர மாட்டான். அடுத்த தண்ணி முறைக்கு எட்டு நாள் இரிக்கி. தண்ணி நிண்டா நாத்த நடுங்க. நிக்காட்டி நான் என்ன செய்ய?"

எட்டு நாளும் மூக்கையாவும் மருதாயியும் தாங்களே மிதித்தார்கள். தோளோடு தோள் ஒட்டி, முழங்கால் வரைக்கும் புதைந்து, வட்டம் வட்டமாக. அவிசாவளை பஸ்ஸில் போகிறவர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

"அம்மான்னு கத்தவாங்க?" என்றாள் மருதாயி மூன்றாம் நாள்.

"கத்தாத. குணே ஐயா தன்னுதுன்னு ஓட்டிட்டுப் போயிருவாரு."

அன்றைக்கு மட்டும் சிரித்தார்கள். நாலாம் நாள் அவள் கால் வீங்கியது. துணியைச் சுற்றிக்கொண்டு வந்தாள்; அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்காகப் பிறகு ரொம்ப நாள் தன்னையே திட்டிக்கொண்டார்.

தண்ணீர் வந்தது, இரண்டு நாளில் போய்விட்டது. நாற்றங்கால் மூலையில் மட்டும், நாலு பாய் விரிக்கிற இடத்தில், நின்றது. வயல் முழுக்க அவர் கை வைக்காத இடம் அது ஒன்றுதான். மருதாயி அங்கே நட்டாள். மிச்ச நாற்று மஞ்சளாகி மாட்டுக்குப் போனது.

அந்த நாலு பாயும் விளைந்தது. கொத்துப் படியால் அளந்தால் இரண்டு கொத்து நெல். மூக்கையா ஒரு கொத்தைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார்.

"என்னத்துக்கு இது? வீட்டுக்குக் கொண்டு போங்க."

"இல்லைங்க நானா. அந்தேன்னா பாதி ஒங்களுதுங்க. நீங்க எடுத்தாத்தான் நான் வயல் செஞ்சவன்."

நானா பையை இரண்டு கையாலும் வாங்கிச் சீனிச் சாக்குக்குப் பக்கத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் தராசுத் தட்டைத் துடைத்தார்.

"குணேட மருமகன் வயலக் கேட்டான். மண் கொஞ்சம் அமந்த பொறகு, ரெண்டு மூணு வருஷம் எருமைய விட்டு மிதிச்சி எடுப்பானாம். குடுத்திட்டன் மூக்கையா."

"அவங்க மிதிச்சா சரியா வருங்க," என்றார் மூக்கையா.

படியில் இறங்கும்போதுதான் பை மருதாயியுடையது என்று நினைவு வந்தது. திருப்பிக் கேட்டால் நானா நெல்லை எதிலாவது கொட்ட வேண்டும். கொட்டினால் எவ்வளவு என்று கடையில் நிற்கிறவர்கள் பார்ப்பார்கள். கேட்காமல் நடந்தார்.