யாரு பிரசிடெண்டு?

காளிராஜுக்குப் பட்டப்பெயர்களுக்குப் பஞ்சமில்லை. அவருடைய லாரிகளை ஓட்டும் டிரைவர்களுக்கு அவர் ‘பாஸ்’. திருச்சுழி ரோட்டு முக்கில் கட்டியிருந்த பிளக்ஸில், கூலிங் கிளாஸ் போட்ட படத்துக்குக் கீழே ‘கிங் மேக்கர்’. பங்குனிப் பொங்கலுக்கு அம்மன் கோயிலில் அவருக்கென்று கயிறு கட்டித் தனிவழி விடுவார்கள், அங்கே ‘வி.ஐ.பி.’ ஆனால் அவர் காதுக்கு இதமாக இருந்த வார்த்தை ஒன்றுதான். பிரசிடெண்ட்.

பத்து வருஷம் அந்தப் பதவியில் இருந்தவர். ஊராட்சியைப் பெண்களுக்கென்று ஒதுக்கியதும், தன் வீட்டிலேயே இருந்து தன் லாரியை ஓட்டிய தம்பி அழகுராஜாவின் மனைவி கனகலட்சுமியை நிறுத்தி ஜெயிக்கவைத்தார். பதவி கனகலட்சுமிக்கு வந்தது. பெயர் வரவில்லை. காரின் முன்கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் ‘பிரசிடெண்ட்’ அப்படியே இருந்தது. “பிரசிடெண்டு வாராரு, பெஞ்ச தொடை” என்று டீக்கடையில் குரல் கேட்டால், வருவது காளிராஜ்தான். கனகலட்சுமி தெருவில் போனால், “பிரசிடெண்டு தம்பி பொண்டாட்டி போகுது” என்பார்கள்.

ஊராட்சி ஆபீசுக்கு அவள் போனது பதவியேற்ற அன்றைக்கு மட்டும்தான். அடுப்பு வேலைக்கு நடுவே காகிதம் வரும். கையைக் கழுவிவிட்டுக் கையெழுத்துப் போடுவாள். பன்னிரண்டாவது வரை படித்தவள், வாசிக்காமல் போடமாட்டாள். அதற்கே காளிராஜ், “நாந்தான் பாத்துட்டேன்ல” என்று முகத்தைச் சுளிப்பார். கசப்பாகத்தான் இருந்தது. விழுங்கிப் பழகிவிட்டாள்.

சித்திரை வெயிலில் கிழக்குத் தெரு போர் மோட்டார் புகைந்துபோனது. அந்தத் தெருக்காரர்கள் எதிராளிக்கு ஓட்டுப் போட்டவர்கள் என்று காளிராஜுக்கு ஒரு எண்ணம். மோட்டாரைக் கழற்றக்கூட ஆள் அனுப்பவில்லை. கடைசியில் குருவம்மாள் தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு காலிக் குடங்களோடு வீட்டுக்கே வந்துவிட்டாள். வாசலில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்த கனகலட்சுமியைத் தாண்டிப்போய், உள்ளே நாற்காலியில் இருந்த காளிராஜ் முன்னால் நின்றாள்.

“பிரசிடெண்டு, பச்சப்புள்ளைக்குக் கால் கழுவத் தண்ணியில்ல. ஒரு வழி பண்ணுங்க.”

காளிராஜ் செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “உங்க ஓட்ட வாங்குனாளே, அவகிட்டப் போய்க் கேளுங்க. எனக்கு நேரங்கெடைக்கும்போது பாப்பேன்.”

பெண்கள் காலிக் குடங்களோடு திரும்பினார்கள். வாசலில் கனகலட்சுமி குருவம்மாளின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“ஏக்கா, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

“உன்கிட்டச் சொல்லி என்ன தாயி ஆகப்போகுது? பிரசிடெண்டு அவுகளாச்சே.”

குருவம்மாள் குத்திக்காட்டிப் பேசவில்லை. உள்ளதைச் சொன்னாள். அதுதான் கனகலட்சுமிக்குப் பொறுக்கவில்லை. கையில் இருந்த வத்தலை முறத்தில் போட்டுவிட்டு, மாட்டுக்கொட்டத்துப் பக்கம் போய்ப் பாளையம்பட்டி மோட்டார் மெக்கானிக் மதன்குமாருக்குப் போன் போட்டாள்.

“பிரசிடெண்டு சொல்லிட்டாருங்களாக்கா?” என்றான் அவன். “அவரு சொல்லாம வந்தா என்னைய வைவாரு.”

கனகலட்சுமி சொன்னாள்: “பிரசிடெண்டுதான் பேசுறேன்.”

தன் குரலே அவளுக்கு வேறு யாரோ பேசுவதுபோலக் கேட்டது. அந்தப் பக்கம் அவன், “சரிங்க, வாரேன்” என்றான்.

மோட்டாரை வெளியே எடுத்து, எரிந்த காயிலுக்கு அங்கேயே புதுக் கம்பி சுற்றி, மறுபடி இறக்கும்வரை கனகலட்சுமி போர் பக்கத்திலேயே முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள். குழாயில் முதலில் செம்மண் கலங்கலாக வந்து, பிறகு தெளிந்தது. வீட்டுக்கு வந்தபோது காளிராஜ் சாப்பிடாமல் காத்திருந்தார். தம்பியையும் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்.

“யாரைக் கேட்டு மோட்டார மாட்டுன?”

“யாரைக் கேக்கணும் மச்சான்? பிரசிடெண்டு நான்தான?”

காளிராஜ் சிரித்தார். “கேட்டியாடா அழகு? தலைவி ஆயிட்டாகளாம்!”

“தலைவின்னு நீங்க கேலி பேசலாம். பிரசிடெண்டு இங்கிலீசு வார்த்தை. அதுல ஆம்பள, பொம்பள கெடையாது. பாஸு, கிங் மேக்கரு, வி.ஐ.பி. எல்லாம் நீங்களே வச்சுக்கோங்க. அதெல்லாம் உங்க ஆளுங்க அச்சடிச்சு ஒட்டுனது. இது ஊர்ச்சனம் வரிசையில நின்னு ஓட்டுப் போட்டுக் குடுத்தது. இத மட்டும் எனக்குக் குடுத்துருங்க.”

“நான் நிறுத்தலன்னா நீ அடுப்படிய விட்டு வந்திருப்பியா?”

“வந்திருக்கமாட்டேன். இப்ப வந்துட்டேன்ல. இனி உள்ள போகமாட்டேன்.”

காளிராஜ் தம்பியிடம் கையை நீட்டினார். “லாரிச் சாவியக் குடுத்துட்டு, உன் பொண்டாட்டியக் கூட்டிட்டு எங்கயும் போ.”

அழகுராஜா அண்ணன் முகத்தைப் பார்த்து ஒருநாளும் பேசியவன் இல்லை. சாவியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, உள்ளே போய்த் துணிமணியை மூட்டை கட்டினான். மூட்டையோடு நடந்த வழியெல்லாம் கனகலட்சுமிக்குப் பயமாகத்தான் இருந்தது. “கோவமா?” என்று கேட்டாள். “கோவந்தான். ஆனா நீ சொன்னது நெசம்” என்றான்.

மே தினத்துக் கிராமசபையில் கூட்டம் நெரிந்தது; சண்டையைப் பார்க்க வந்த கூட்டம். வேப்பமரத்தடியில் தலைவர் நாற்காலியில் காளிராஜ் வழக்கம்போல் உட்கார்ந்து மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். யூனியன் ஆபீசிலிருந்து வந்த அதிகாரி காகிதத்துக்குள் தலையை விட்டுக்கொண்டார். கனகலட்சுமி நேரே முன்னால் போனாள்.

“எந்திரிங்க மச்சான். அது என் சேரு.”

“பொது எடத்துல என்னைய அசிங்கப்படுத்துறியா?”

“நீங்க எந்திரிச்சா அசிங்கமில்ல. நான் நிக்கிறதுதான் அசிங்கம், இந்த ஊருக்கே.”

காளிராஜ் அசையவில்லை. கனகலட்சுமியும் அசையவில்லை. வெயில் ஏறியது. பின்னாலிருந்து குருவம்மாள் எழுந்து, “அவ நிக்கிறா, நாங்க எப்படி உக்கார?” என்று சேலையை உதறிக்கொண்டு நின்றாள். கிழக்குத் தெருப் பெண்கள் எழுந்தார்கள். மற்றத் தெருப் பெண்களும் ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். அதிகாரி தொண்டையைச் செருமி, “சார், நீங்க கொஞ்சம் பொதுமக்களோட உக்காருங்க” என்றார். காளிராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் காருக்கு நடந்தார்.

அதோடு எல்லாம் மாறிவிடவில்லை. கார்க் கண்ணாடியில் எழுத்து அப்படியே இருக்கிறது. டீக்கடையில் பாதிப்பேருக்கு இன்றும் அவர்தான் பிரசிடெண்ட். அழகுராஜா அருப்புக்கோட்டையில் வேறு ஒருவர் வண்டிக்கு டிரைவராகப் போகிறான். ஊருக்குள்ளேயே பிடித்த, தகரக்கூரை போட்ட வாடகை வீட்டில் மத்தியானம் இருக்கமுடியாது. அதனாலேயே கனகலட்சுமி பகல் முழுக்க ஊராட்சி ஆபீசில் இருக்கிறாள்.

ஒருநாள் காலையில் அவள் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது, வாசலில் மேலத்தெரு அப்பாசாமி கிழவர் கத்தினார்.

“ஏம்மா பிரசிடெண்டு! தூங்குறியா? எங்க தெரு லைட்டு செத்துக் கெடக்கு, நான் சாக்கடையில விழுந்து எந்திரிச்சு வாரேன். ஓட்டு வாங்க மட்டும் தெரியுதோ?”

வசவுதான். கனகலட்சுமிக்கு அது வயிற்றில் பால் வார்த்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, மாவுக்கையோடு வெளியே வந்தாள்.

“எந்தக் கம்பம் தாத்தா? நடங்க, பாப்போம்.”