இனிக்கிற வெந்நீர்

மானிட்டரில் ஓடிக்கொண்டிருந்த பச்சைக் கோடு சட்டென்று தடுமாறியது. ஒரு துள்ளல். ஓர் இடைவெளி. பிறகு மறுபடி சீரானது.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று தபீதாள் பார்த்துக்கொண்டிருந்தாள். பயம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. தாம்பரத்து ஆஸ்பத்திரி வாசலில் செருப்போடு சேர்த்து எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வந்த மாதிரி இருந்தது.

உள்ளே கிடப்பவர் அவள் கணவர் ஜீவரத்தினம். வயது அறுபத்தாறு. ராஜகீழ்ப்பாக்கம் சர்ச் கொயரில் முப்பது வருஷமாக முன்வரிசைக் குரல். நேற்று மாலை ஈஸ்டர் பாட்டுப் பயிற்சியில் எழுந்து நின்றவர், கால் மடங்கி அப்படியே சரிந்தார்.

"பொட்டாசியம் ரெண்டு புள்ளி ஒண்ணு," என்றார் டாக்டர் ஷபீனா. "மூணரையாவது இருக்கணும். ஏத்த ஏத்த எங்கேயோ ஒழுகிக்கிட்டே இருக்கு. ஹார்ட் எப்ப வேணா நின்னுடலாம். கிட்னிக்கு மேல சுரப்பியில கட்டி இருக்கான்னு சிட்டிக்கு மாத்திப் பார்க்கணும். வழியில ரிஸ்க்தான்."

"காப்பாத்திடுங்க டாக்டர்."

"திரும்பவும் கேக்கறேன். பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை தவிர வேற ஏதாவது? லேகியம், கஷாயம், நாட்டு மருந்து?"

"இல்ல டாக்டர். கஷாயம்னாலே அவருக்கு ஆகாது."

மூன்றாவது முறையாக அதே பதில். உண்மையென்று நம்பித்தான் சொன்னாள்.

மகன் எபி ஒப்புதல் படிவத்தை நீட்டினான். "சைன் போடும்மா. ஆம்புலன்ஸ் கீழ நிக்குது."

மூக்குக்கண்ணாடிக்காகக் கைப்பையைத் துழாவினாள். விரலில் பழகின குச்சி ஒன்று தட்டுப்பட்டது. நாக்கு வறண்டிருந்தது. யோசிக்காமல் வாயில் போட்டுக்கொண்டாள்.

"அப்பா உயிர் ஊசலாடுது, நீ மாடு மாதிரி அசை போடற. உனக்கு எதுவுமே உறைக்காதா?"

உறைக்கவில்லைதான். இனிப்பு மட்டும் தெரிந்தது.

ஷபீனா திரும்பினார். "வாயில என்ன ஆன்ட்டி?"

"அதிமதுரம். கொயர்ல எல்லாரும் அடக்கிப்போம். தொண்டைக்கு."

"அங்கிளும் மெல்லுவாரா?"

"அவர் இப்ப ஃபிளாஸ்க்ல குடிக்கிறார். ஈஸ்டருக்கு முன்னாடி நாப்பது நாள் லெந்து நோன்பு இல்லையா? காபி, டீ, சர்க்கரை எல்லாத்தையும் விட்டுட்டார். வெறும் வெந்நீர் எறங்கலைன்னார். இதைத் தட்டிப் போட்டுக் கொதிக்க வெச்சா தானா இனிக்கும்."

"எவ்ளோ போடுவீங்க?"

"ஒரு பிடி. காலைல ஒரு ஃபிளாஸ்க், சாயங்காலம் ஒரு ஃபிளாஸ்க்."

"எத்தனை நாளா?"

"நேத்தோட முப்பத்திநாலு."

ஷபீனா பேனாவை மூடினார். "மூணு தடவை கேட்டேனே ஆன்ட்டி!"

"நீங்க மருந்தைத்தானே கேட்டீங்க?"

ஷபீனா எபி பக்கமும் திரும்பி விளக்கினார்.

"எப்பவாவது ஒரு துண்டு மென்னா தொண்டைக்கு இதம். தினம் இவ்ளோ குடிச்சா உடம்பு உப்பைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு பொட்டாசியத்தை வெளிய தள்ளிடும். பிரஷரும் ஏறும்."

"ஏறிச்சு. அதனாலதான் போன வாரம் நீர் மாத்திரையை ரெண்டாக்கினாங்க."

"அதுவும் பொட்டாசியத்தைத் தள்ளும்."

ஷபீனா படிவத்தை வாங்கி நான்காக மடித்தார். "ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பிடுங்க எபி. நீர் மாத்திரையை நிறுத்திட்டு இங்கயே பார்க்கறேன்."

எபி அம்மாவைப் பார்த்தான். பிறகு ஆம்புலன்ஸை அனுப்பக் கீழே இறங்கினான். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் மதியம் பொட்டாசியம் மூன்று புள்ளி இரண்டு. பச்சைக் கோடு ஒழுங்காக ஓடியது. இருவரையும் உள்ளே விட்டார்கள்.

ஜீவரத்தினம் கண் திறந்தார். "தபீ... ஃபிளாஸ்க் எங்க? அது உள்ள போனாத்தான் ஈஸ்டருக்குக் குரல் எழும்பும்."

எபி தலையைக் குனிந்துகொண்டான்.

"அதைக் குடிச்சுத்தான் படுத்தீங்க. நான்தான் போட்டுக் கொடுத்தேன்." வகுப்பில் வருகைப் பதிவேடு படிக்கிற குரலில் சொன்னாள்.

அவர் அவளைப் பார்த்தார். "அப்ப பேசாம காபியே குடிச்சிருக்கலாம்," என்றார்.

எபி சிரித்துவிட்டான். சிரித்தபடியே சுவர்ப் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்தான்.

தபீதாள் டம்ளரிலிருந்து ஸ்பூனில் வெந்நீர் எடுத்து அவர் உதட்டில் வைத்தாள். ஏன் இன்னும் அழுகை வரவில்லை என்று அவளுக்கே விளங்கவில்லை.

"இனிக்கலையே," என்றார்.

"குடிங்க."